மீண்டும் பெரட்டுக்கு: மனநோய்க்குப் பிறகு வேலையும் தொழில்வழிச் சிகிச்சையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற சொல் ஊர்ப்பெயராகக் காதில் விழாது, வசையாகத்தான் விழும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கொஞ்சம் கோணல்மாணலாகப் பேசினால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விட வேண்டும்" என்போம். அங்கே 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் நாக்கு இன்னும் மாறவில்லை.

அங்கே போனவர்களைப் பற்றி எங்கள் ரப்பர்த் தோட்டங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் கதைகள் உண்டு. திரும்பி வந்தவர்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. இத்தனைக்கும் இப்போதெல்லாம் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்பவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். மருந்துப் பையோடும் அடுத்த தவணை குறித்த அட்டையோடும் வாசலில் வந்து இறங்குகிறார்கள். அதற்குப் பிறகு? "முதலில் நன்றாகக் குணமாகட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த வரிசைதான் பலரைப் பத்து வருடம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது. முழுக்கக் குணமாகும் நாளுக்காகக் காத்திருக்கும்போது வேலை செய்யும் பழக்கமே கைவிட்டுப் போகிறது. அளவாக வெட்டிக் கொடுத்தால் வேலையே சிகிச்சையின் ஒரு பகுதியாகும். அப்படி அளந்து வெட்டத் தெரிந்த ஒருவர் அரசாங்க மருத்துவமனையில் இருக்கிறார் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருடைய அறைக் கதவில் மலாயில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்று எழுதியிருக்கும். சாரா என்றால் முறை, கெர்ஜா என்றால் வேலை. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். தொழில் என்றதும் சம்பளம் வாங்கும் வேலை என்று நினைத்துவிடுகிறோம். இவர்கள் கணக்கில் பல் துலக்குவது, சோறு வடிப்பது, பஸ் பிடிப்பது, கோயிலுக்குப் பூக்கட்டுவது, தொழிற்சாலையில் பெட்டி கட்டுவது எல்லாமே தொழில்தான். ஒரு மனிதர் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை தன் நாளை எதனால் நிரப்புகிறாரோ அது. பிசியோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருபவர்களும் உண்டு. பிசியோ மூட்டையும் தசையையும் பார்ப்பார். இவர் அந்த உடம்பும் மனமும் சேர்ந்து செய்யவேண்டிய காரியத்தைப் பார்ப்பார்.

இந்தத் துறையின் வேர் மனநல விடுதிகளில்தான் இருக்கிறது. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக் என்ற தேநீர் வணிகர் ஒரு விடுதியைத் திறந்தார். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலம் அது. அவர் அவர்களுக்குத் தோட்ட வேலையும் தையலும் கொடுத்தார். 1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் கூட்டிய கூட்டத்தில் இத்துறைக்கான முதல் சங்கம் உருவானது. காசநோயாலும் பக்கவாதத்தாலும் நொடிந்துபோன பார்ட்டன், மரவேலையும் தோட்டவேலையும் செய்துதான் எழுந்து நின்றார். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலினார் கிளார்க் ஸ்லேகல், நெடுநாள் நோயாளிகளுக்கு 'பழக்கப் பயிற்சி' என்ற முறையை வகுத்தார். எழுவது, குளிப்பது, உண்பது, வேலை, விளையாட்டு, உறக்கம் என்று முழு நாளையும் ஒழுங்குபடுத்துவது அது. சிதைந்துபோனது பழக்கம் என்றால் பழக்கத்தின் வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பது அவர் கண்டது.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. உலகெங்கும் பெரிய மனநல விடுதிகளில் 'வேலை சிகிச்சை' என்பது காலப்போக்கில் விடுதிக்குச் சோறு போடும் கூலியில்லா உழைப்பாக மாறியது. நோயாளிகள் துணி வெளுத்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், வெளியே மட்டும் போகவில்லை. பிறகு வந்த, நோயாளிகளுக்கென்றே தனியாக நடத்தப்பட்ட 'பாதுகாக்கப்பட்ட பட்டறை'களில் கூடை பின்னியும் உறை ஒட்டியும் வருடங்களைக் கழித்தார்கள். கூடை பின்னுவதில் தவறில்லை. அந்தக் கூடை எந்த வாசலுக்கு அழைத்துப் போகிறது என்று யாரும் கேட்காததுதான் தவறு. இன்றைய தொழில்வழிச் சிகிச்சை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

நோய் தணிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மனச்சிதைவு நோயில் காதில் கேட்ட குரல்களை மருந்து அடக்கிவிடும். ஆனால் கவனம், நினைவு, ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடும் திறன் ஆகியவற்றில் ஏற்பட்ட தொய்வு பலருக்கு அப்படியே நிற்கும். ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கான உந்துதலே வற்றிப்போயிருக்கும். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறார்கள். "நன்றாகத்தானே சாப்பிடுகிறான், நன்றாகத்தானே தூங்குகிறான், வேலைக்குப் போனால் என்ன?" என்ற கேள்வியை எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். அது நோயின் ஓர் அறிகுறி. அவர் குணத்தின் கோளாறு கிடையாது. மனச்சோர்விலிருந்து மீள்பவருக்கு வேறு சிக்கல்: அழுகை நின்றிருக்கும், ஆனால் காலை பத்து மணிக்கே உடம்பு ஓய்ந்துவிடும், சிறு முடிவு எடுப்பதும் மலையாகத் தெரியும். இருதுருவ மனநோய் உள்ளவருக்குத் தூக்கம்தான் அச்சாணி. இரவு வேலை மாறி மாறி வந்தால் அச்சாணி கழன்று, மனம் மீண்டும் உச்சத்துக்கோ பள்ளத்துக்கோ ஓடிவிடும்.

என் பெரியம்மா மகன் ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எனக்கு அண்ணன். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, பன்னிரண்டு மணிநேரம். இருபத்தெட்டு வயதில் நோய் வந்தது. வீட்டில் முதலில் செய்வினை என்றார்கள். மூன்று மாதம் சாமி பார்த்த பிறகுதான் மருத்துவமனை. திரும்பி வந்தவர் இரண்டு வருடத்தில் இரண்டு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றில் நான்கு நாள், இன்னொன்றில் பதினொரு நாள். இரண்டாவது இடத்தில் மேற்பார்வையாளர் மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த தவணைக்குப் போனபோதுதான் மருத்துவர் சாராகெர்ஜாவுக்குக் கடிதம் எழுதினார். பெரியம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. அங்கே சிகிச்சையாளராக இருந்த மலாய்ப் பெண்ணைத் தாதி என்று நினைத்து "மிஸ்ஸி" என்றே கடைசிவரை கூப்பிட்டார்.

முதல் சந்திப்பில் மாத்திரை பற்றிப் பேச்சே வரவில்லை. நோய்க்கு முன் ஒரு நாள் எப்படிப் போகும், இப்போது எப்படிப் போகிறது, எந்த வேலை பிடித்தது, எதில் கை தேர்ந்தது என்று கேட்டார். விருப்பம், பழக்கம், திறன், சூழல் என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறைக்கு அமெரிக்கரான கேரி கீல்ஹோஃப்னர் 1980இல் ஒரு சட்டகம் கொடுத்தார், உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது சந்திப்பில் அண்ணனைச் சின்னச் சமையலறை ஒன்றுக்கு அழைத்துப் போனார். மூன்று குவளை கோப்பி கலக்கச் சொன்னார். ஒன்று பாலில்லாத கோப்பி ஓ, ஒன்று சீனி குறைவு, ஒன்று சாதாரணம். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓரத்தில் நாற்காலியில் இருந்தேன்.

அண்ணன் கெண்டியை வைத்தார், குவளைகளை வரிசையாக அடுக்கினார். முதல் குவளை சரியாக வந்தது. இரண்டாவதில் சீனியை அள்ளும்போது அந்தப் பெண் வேண்டுமென்றே, "இன்று எந்த பஸ்ஸில் வந்தீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொன்னார். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. எதை விட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் அதே மூன்று குவளை. இந்த முறை என்னென்ன எதற்குப் பின் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். வானொலி ஓடியது, நடுவில் பேச்சும் கொடுத்தார். அண்ணன் நின்றார், தாளைப் பார்த்தார், தொடர்ந்தார். மூன்றும் சரி. அவர் குறிப்பேட்டில் எழுதியதன் சாரம் இதுதான்: சத்தம் தொந்தரவு செய்யவில்லை, நடுவில் பேச்சுக் கொடுத்தால் நூல் அறுந்துவிடுகிறது, எழுதி வைத்தால் தானே பிடித்துக்கொள்கிறார்.

எந்த ரத்தப் பரிசோதனையும் தராத தகவல் அது. நான்கு நாளில் வேலை போனதற்குக் காரணம் கூட அந்தக் கோப்பிக் குவளையில் தெரிந்தது. அங்கே மேற்பார்வையாளர் வாய்மொழியாக ஐந்து கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவாராம். அண்ணன் இரண்டைச் செய்துவிட்டு நிற்பார். பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது.

இதைத்தான் செயல் பகுப்பாய்வு என்கிறார்கள். ஒரு வேலையை அதன் எலும்புவரை பிரித்து, எந்தத் துண்டு இவருக்கு முடியும், எது முடியாது, எதை மாற்றினால் முடியும் என்று பார்ப்பது. உடல் பலம், கை நுணுக்கம், கவனம், நினைவு, வேகம், ஆட்களோடு பழகுதல், சத்தம், வெக்கை, நேரம் எல்லாம் இதில் வரும். தோட்ட வேலைக்கு இதன் தேவை இன்னும் அதிகம். இருதுருவ மனநோய்க்கான லித்தியம் மருந்தைச் சாப்பிடுபவர் உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைத்தால் உடம்பு வற்றி, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடக்கூடும். மனச்சிதைவு நோய்க்கான சில மருந்துகள் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கும். நீளக் கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலையை அறுப்பவருக்குக் கைநடுக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்காகத் தோட்டத்துக்கு இனிப் போகவே கூடாது என்று முடிவு கட்டத் தேவையில்லை. குலை அறுப்பு வேண்டாம், நாற்றுப் பண்ணையில் காலை வேலை சரிவரும் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

தோட்டத்துக்கு இந்த அறிவு புதிதும் அன்று. காலையில் பெரட்டு என்று ஆட்களைக் களத்தில் கூட்டிக் கணக்கெடுக்கும்போது, பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் பால்வெட்டுக்குப் பதிலாகப் புல் பிடுங்கும் வெளிக்காட்டு வேலையை ஒதுக்கிக் கொடுத்த கங்காணிகள் உண்டு. கொஞ்சம் 'ஒரு மாதிரி' இருப்பவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குத் தண்ணீர் எடுக்க வைத்திருப்பார்கள். யாரும் அதைச் சிகிச்சை என்று அழைக்கவில்லை. ஆனால் அவருக்கு எழ ஒரு நேரமும், போக ஓர் இடமும், கணக்கில் ஒரு பெயரும் இருந்தன. பெரட்டு மணி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்மரத்துக்குப் போவது, பால் வடியும் மங்கைத் துடைப்பது, பால் நிறுப்பது, பிற்பகலில் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவது என்று நாளின் எலும்புக்கூட்டைத் தோட்டமே கொடுத்தது. ஸ்லேகல் அம்மையார் நியூயார்க்கில் எழுதி வைத்த அட்டவணை எங்கள் பாட்டிகளின் உடம்பில் இருந்தது.

அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை செய்ய முடியாத ஆள் என்று பெயர் வந்தால் குடும்பமே லயத்தைக் காலி செய்ய நேரலாம். 1950களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அந்தப் பயம் எத்தனை உண்மை என்பது தெரிந்தது. சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கே அதுதான் காரணம். வீடு போய்விடும் என்ற பயத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் மனநோயை மறைத்தன. இன்று தோட்ட வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. நம் ஆட்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து, தொழிற்சாலை, பேரங்காடி, பாதுகாவல், லாரி என்று பிரிந்துவிட்டார்கள். லயத்தை விட்டு வந்தோம். மறைக்கும் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டோம். நாளின் எலும்புக்கூட்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

அண்ணனுக்கு அந்தப் பெண் முதலில் கட்டிக்கொடுத்ததும் அதைத்தான். அவர் எழுந்த நேரம் மதியம் பன்னிரண்டு. இரவு மாத்திரையைப் பத்தரை மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் மயக்கம் காலை பத்துவரை விடாது. சிகிச்சையாளர் மருத்துவருக்குக் குறிப்பு எழுதினார். மருத்துவர் பார்த்து, எட்டு மணிக்கு மாற்றிக்கொடுத்தார். மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. ஆனால் "காலையில் எழ முடியவில்லை" என்று வாய் திறந்து சொன்னால் மாற்ற வழியிருக்கும் என்பதைக் கூட நாங்கள் அறிந்திருக்கவில்லை. பன்னிரண்டு பதினொன்றாகி, ஒன்பதாகி, ஆறு மணிக்கு வர ஏழு வாரம் பிடித்தது. பிறகு வேலையே இல்லாமல் பஸ் ஏறிச் சந்தைவரை போய்த் திரும்பும் பயிற்சி. பெரியம்மாவுக்கு அது வீண்செலவாகப் பட்டது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

வேலை கிடைத்தது ஒரு மளிகை மொத்தக் கடையில். முதலாளி சீனர், நல்ல மனிதர், ஆனால் பயந்தார். சிகிச்சையாளர் கடைக்கே வந்து பார்த்தார். இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், காலையில் நான்கு மணிநேரம். பிறகு ஐந்து நாள். பிறகு மதியம்வரை. சரக்கு அடுக்கும் வரிசையைப் பெட்டி அட்டையில் எழுதித் தூணில் மாட்டினார்கள். கட்டளை சொல்வது ஒரே ஆள். இவ்வளவுதான் மாற்றம், கடைக்கு ஒரு மார்க்கர் பேனா செலவு. ஐந்தாவது வாரத்தில் அண்ணன் ஆறு நாள் போகவில்லை. பழையபடி ஆகிவிட்டது என்று பெரியம்மா அழுதார். ஆனால் இதற்கும் முன்பே தாள் இருந்தது: தூக்கம் இரண்டு இரவு கெட்டால், குளிக்காமல் இருந்தால், செருப்புச் சத்தத்துக்கு எரிச்சல் வந்தால் யாருக்குத் தொலைபேசி செய்வது என்று அண்ணனே தன் கையால் எழுதியது. செய்தார்கள். மருந்தைக் கொஞ்சம் சரிசெய்து, இரண்டு வாரம் மூன்று நாள் வேலைக்கே இறங்கி, மீண்டும் ஏறினார். கீழே இறங்குவதற்கும் படி வைத்திருந்ததால் அவர் விழவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதை. ஆய்வுகளும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. நெதர்லாந்தில் கடுமையான மனச்சோர்வால் வேலையை விட்டு விலகியிருந்த 62 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு தொழில்வழிச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. மனச்சோர்வு தணிந்த அளவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தொழில்வழிச் சிகிச்சை பெற்றவர்கள் முதல் ஒன்றரை ஆண்டில் இழந்த வேலை நாட்கள் குறைவு. அதனால் வேலை அழுத்தம் கூடவும் இல்லை. நோய் ஒரே அளவில் இருக்க, வேலைக்குத் திரும்புவது மட்டும் விரைவாகிறது என்றால், நோய் தணிவதும் வேலைக்குத் திரும்புவதும் இரண்டு தனிக் காரியங்கள் என்றுதானே பொருள். இரண்டாவதற்கென்று தனியே ஆள் வேண்டும்.

கடுமையான மனநோய்களுக்கு இன்னொரு முறை உண்டு. 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் வளர்த்தது. பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு வேலைக்கு அனுப்பாமல், அவர் விரும்பும் உண்மையான வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, அங்கேயே கூட நின்று பழக்குவது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், இம்முறையில் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். வழக்கமான முறையில் 28 விழுக்காட்டினர். மலேசியாவில் மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையங்கள் இவ்வழியில் வேலை தேடித் தருகின்றன. தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் அங்கே இருக்கிறார்கள். தேவை எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு: தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு என்றும் 2023இல் 4.6 விழுக்காடு என்றும் கண்டது. நான்கே ஆண்டில் இரட்டிப்பு.

சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க அவருக்கு இன்னும் இடமுண்டு, அது குறைதான். ஆனால் "இரவு வேலை முடியாது" என்று வாயால் கெஞ்சுவதற்கும், சிகிச்சையாளரின் கடிதத்தோடு விண்ணப்பம் வைப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அந்தக் கடிதத்தில் நோயின் பெயர் இருக்கவேண்டியதில்லை. பகல் வேலை, எழுத்தில் கட்டளை, மாதம் ஒரு முறை கிளினிக் போக நேரம் என்று தேவையை மட்டும் எழுதலாம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைச் சிகிச்சையாளரோடு ஒத்திகை பார்த்துக்கொள்வதும் இந்தச் சிகிச்சைக்குள் வரும்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று உண்டு. விபத்தில் கை கால் போனவர்களுக்கு என்றே நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சந்தாதாரர் நோயால் வேலை இழக்கும் நிலை வந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளி அட்டையும் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனநோயும் ஒரு பிரிவு. பதிவு செய்ய இரண்டு ஆண்டு மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அட்டை எடுத்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயப்படும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் சிறுமையாக எண்ணவில்லை. எடுப்பதும் விடுவதும் அந்த மனிதரின் முடிவு. வீட்டார் மட்டும் கூடி முடிவு செய்யக் கூடாது.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆண் நோயுற்றால் "வேலைக்கு எப்போது திரும்புவார்?" என்று கேட்கிறோம். நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுக்கும் பெண் மனச்சோர்வில் விழுந்தால் அவர் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதி, வேலைக்குத் திரும்பும் கேள்வியையே விட்டுவிடுகிறோம். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை நான்கு மணிக்கு அவர் முழு வேலைக்குத் திரும்பிவிடுகிறார், படிப்படியாக ஒன்றுமில்லாமல். தொழில்வழிச் சிகிச்சை அந்தச் சமையலறையையும் வேலைத்தளமாகவே கணக்கிடுகிறது. முதல் மாதம் ஒரு வேளைச் சமையல் போதும், துணியைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்துக்கொடுக்கச் சிகிச்சையாளரால் முடியும். கணவரை அழைத்து உட்கார வைத்துச் சொல்லவும் முடியும்.

மொழிதான் பெரிய தடை. "நெஞ்சு அடைக்கிறது, மனம் பாரமாக இருக்கிறது, கை ஓட மாட்டேன் என்கிறது" என்று ஒரு தோட்டத்துப் பாட்டி சொல்வதை அரைகுறை மலாயில் பேரன் சொன்னால், அதில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். 'கை ஓடவில்லை' என்பதில்தான் சிகிச்சையாளருக்கு வேண்டிய செய்தி அனைத்தும் இருக்கிறது. நம் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், பொறியியல் என்றே ஓடுகிறார்கள். இந்தத் துறையைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. தமிழ் தெரிந்த ஒரு சிகிச்சையாளர் ஒரு மாவட்டத்துக்கே விளக்கு.

வழி நீளமானது இல்லை. 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கலாம். ஏற்கெனவே மனநலப் பிரிவில் தவணை இருந்தால் அங்கேயே கேட்கலாம். "சாயா நாக் ஜும்பா பெகாவாய் சாராகெர்ஜா, சாயா நாக் கெர்ஜா பாலேக்" என்று சொன்னால் போதும். தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும், மீண்டும் வேலைக்குப் போக வேண்டும் என்று பொருள். போகும்போது ஒரு தாளில் சிலவற்றை எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாகப் பார்த்த வேலையில் மணிக்கு மணி என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், பஸ் எத்தனை மணிக்கு வருகிறது. எழும் நேரத்தை உள்ளபடியே எழுதுங்கள். மதியம் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள். அவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.